எல்.கே.ஜி. பையனுக்கு ‘அ’ வரவில்லை: பென்சிலுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது பத்து மாதம். இந்த ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். தினமும் ‘அ’ ஒரு பக்கம், இங்கிலீஷ் பெரிய எழுத்து ஒரு பக்கம் என்று வீட்டுப்பாடம் வருகிறது. பென்சிலைக் கரண்டி மாதிரி முழுக் கையால் இறுக்கிப் பிடிக்கிறான். நான் கையைப் பிடித்து எழுத வைத்தால் பக்கம் நிறைகிறது, விட்டால் கிறுக்கல்தான். பத்து நிமிடத்தில் அழ ஆரம்பித்துவிடுகிறான். இடது கையைத்தான் நீட்டுகிறான். என் மாமியார் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் வைக்கிறார். கூடப் படிக்கும் பிள்ளைகள் எழுதுகிறார்களாம். இவனுக்கு ஏதாவது குறையா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில் (குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்):

நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைப்பது அந்த வீட்டுப்பாடம்தான். பையனைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதைக் கடைசியில் கேட்கிறேன்.

பிள்ளைகள் கோடு போடக் கற்றுக்கொள்வதில் ஒரு வரிசை இருக்கிறது. இரண்டு வயதை ஒட்டி, நாம் போடுவதைப் பார்த்து மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பார்கள். அப்புறம் படுக்கைக் கோடு. மூன்று வயதில் வட்டம். நான்கை ஒட்டி கூட்டல் குறி, நாலரை ஐந்தில் சதுரம். முக்கோணம் ஐந்துக்கு மேல்தான், ஏனென்றால் சாய்கோடு கடினம். சில மாதங்கள் முன்னே பின்னே இருக்கும். இப்போது ‘அ’வை எடுத்துப் பாருங்கள். சுழித்துத் தொடங்க வேண்டும், வளைந்து சுற்றிவர வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், கடைசியில் நேர்க்கோடு ஒன்றைச் சரியான இடத்தில் ஒட்ட வைக்க வேண்டும். கூட்டல் குறியே இன்னும் கைக்குள் வராத பிள்ளையிடம் இத்தனையையும் ஒரே எழுத்தில் கேட்கிறோம். அதுவும் ஒரு பக்கம் முழுக்க!

அரிச்சுவடியில் ‘அ’ முதலில் வருவதால் எழுதவும் அதில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. சொல்லிப் பழகுவதற்கு அந்த வரிசை நல்லது, பாட்டாகவே பாடலாம். எழுதுவதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் எழுத்து ‘ட’. ஓர் இறக்கம், ஒரு திருப்பம், முடிந்தது. அதோடு ஓர் ஏற்றம் சேர்த்தால் ‘ப’. அதில் வளைவு சேர்ந்தால் ‘ம’. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு படம், மடம், பட்டம் என்று நிஜமான வார்த்தைகளே எழுதிவிடலாம். தலையில் புள்ளி வைக்கும் வேலை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பேப்பர் ஓட்டையாகும் அளவுக்கு வைப்பார்கள், வைக்கட்டும். இங்கிலீஷிலும் அப்படித்தான்: எல், டி, எச் போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் முதலில்; சாய்கோடு உள்ள ஏ, கே எல்லாம் பிறகு.

ஆனால் உங்கள் பையனுக்கு ‘ட’கூட இப்போதைக்கு வேண்டாம். கை தயாராக வேண்டும்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஓர் எக்ஸ்ரே படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, பிறகு ஒவ்வொன்றாக எலும்பாக மாறும், கடைசி எலும்பு தெரியப் பத்து வயதை ஒட்டி ஆகும். இதுவரை உண்மை. ‘அதனால் பிள்ளைகளால் எழுத முடியாது’ என்று படத்துக்குக் கீழே போட்டிருப்பது சரியில்லை. எட்டு எலும்பும் முழுதாக வருவதற்கு முன்பே ஆறு வயதுப் பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்களே! தோள், முழங்கை, மணிக்கட்டுத் தசைகளுக்குப் பலம் வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மற்ற விரல்களைச் சேர்த்துக்கொள்ளாமல் தனியாக அசையப் பழக வேண்டும். கண் பார்ப்பதற்கேற்ப கை போக வேண்டும். இதெல்லாம் விளையாடி விளையாடித்தான் வரும்.

முழுக்கைப் பிடி ஒன்று, ஒன்றரை வயதில் எல்லாருக்கும் இருப்பது. மூன்றரை, நான்கில் விரல்நுனிகள் பென்சிலுக்கு வந்துவிடும், ஆனால் கை முழுவதும் சேர்ந்தே நகரும். கை அசையாமல் விரல் மட்டும் அசைந்து எழுதும் பிடி நாலரையிலிருந்து ஆறு வயதுக்குள் வரும். அப்படிப் பார்த்தால் உங்கள் பையன் கொஞ்சம் பின்னால் இருக்கிறான், பயப்படும் தூரத்தில் இல்லை.

இதற்குப் பணம் கட்டி எந்த வகுப்புக்கும் போக வேண்டாம், சமையலறை போதும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை அவனுக்கு. பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுங்கள், ஊறவைத்த மொச்சை பிதுக்கக் கொடுங்கள். கட்டைவிரலுக்கு அதைவிட நல்ல பயிற்சியை நான் என் கிளினிக்கில் வைத்திருக்கவில்லை. காயப்போட்ட துணிக்கு கிளிப் மாட்டுவது, பாட்டில் மூடி திருகுவது, பழைய பேப்பரைக் கிழிப்பது எல்லாம் சேரும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பல்லாங்குழி. ஒரு கை நிறையப் புளியங்கொட்டையை மூடி வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் குழியில் போட வேண்டும் இல்லையா? உள்ளங்கை ஒரு வேலை, விரல்நுனி இன்னொரு வேலை. பென்சில் கேட்பதும் இதைத்தான். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் தம்பியோ தங்கையோ இருந்தால் மட்டும் கவனம், கொட்டை வாய்க்குப் போய்விடும்.

கிறுக்குவதை நிறுத்தவே வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். சுவரில் அவன் கண் உயரத்துக்கு ஒரு சிலேட்டையோ பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தையோ ஒட்டிவிடுங்கள். சுவரில் எழுதும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் மடங்கி நிற்கும். விரல்கள் நன்றாக வேலை செய்வது அந்த நிலையில்தான். தோளும் பலப்படும். மொட்டைமாடிச் சுவரில் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் கொடுத்தால் அரை மணி நேரம் உங்களுக்கு ஓய்வு.

இன்னொரு சின்னத் தந்திரம்: பென்சிலை எடுத்து வைத்துவிட்டு உடைந்த கிரேயானும் துண்டு சாக்பீஸும் கொடுங்கள். உங்கள் சுண்டுவிரலின் முதல் கணு அளவு இருந்தால் போதும். அத்தனை சின்னத் துண்டை முழுக் கையால் பிடிக்க முடியாது, விரல்நுனிகள் தாமாக வந்து சேரும். ‘ஒழுங்காப் பிடி’ என்று நூறு தடவை சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத வைக்கிறோம். அன்றோடு அதை நிறுத்திவிடுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். முன்னோர் எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள் என்று கதை விட மாட்டேன். மணல் செலவில்லாமல் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனாலும் மணலிலும் ரவையிலும் விரல் ஓடும்போது எழுத்தின் வடிவம் கைக்கு உறைக்கிறது, தப்பினால் ஒரு தடவு தடவினால் போதும். தாம்பாளத்தில் ரவை கொட்டி வாரத்துக்கு நாலு நாள், ஐந்தைந்து நிமிடம் செய்யுங்கள்.

கையைப் பிடித்து எழுத வைப்பதை இன்றே விட்டுவிடுங்கள். நீங்கள் பிடிக்கும்போது அவன் கை உங்கள் கையோடு வெறும் சவாரி போகிறது, அவன் எதையும் கற்பதில்லை. உதவி தேவைப்பட்டால் முழங்கைக்குக் கீழே லேசாகத் தாங்குங்கள். உட்காரும்போது கால் தொங்கக் கூடாது. நாற்காலி உயரம் என்றால் பாதத்துக்கு ஒரு முக்காலி போடுங்கள், இல்லாவிட்டால் தரையில் குப்புறப் படுத்து வரையட்டும்.

பள்ளிக்கு என்ன சொல்வது? 2022-இல் வந்த தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, மூன்று முதல் எட்டு வயது வரையான அடிப்படை நிலைக்கு விளையாட்டுவழிக் கல்வியைத்தான் சொல்கிறது. ஆறு வயதுக்குள் தேர்வே பொருந்தாது என்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. பெரும்பாலும் மிஸ்ஸுக்கும் இது தெரியும், பக்கம் பக்கமாக நோட்டு கேட்பது வேறு பெற்றோர்களாகத்தான் இருக்கும். ‘மிஸ், இவனுக்கு இன்னும் விரல் பலம் வரலை. ரெண்டு மாசம் ஒரு பக்கத்துக்குப் பதிலா ஒரு வரி எழுதட்டும், மிச்சத்துக்குக் கிரேயான்ல வரையட்டும்’ என்று நேரில் கேளுங்கள். எழுதிய வரியில் எது நன்றாக இருக்கிறது என்று அவனையே தேர்ந்தெடுத்து வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டம் அவனுக்கு வரும் வயதுதானே.

டாக்டரிடம் எப்போது? தானாகச் சாப்பிடுவதில், பெரிய பட்டன் கழற்றுவதில், படி ஏறுவதில் தடுமாறுகிறானா? அடிக்கடி விழுகிறானா? பேச்சும் வயதுக்குப் பின்தங்கியிருக்கிறதா? நான்கு வயது முடிந்தும் வட்டத்தைப் பார்த்துப் போட முடியவில்லையா? முன்பு செய்ததை இப்போது செய்யவில்லையா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள், கண்ணையும் சோதியுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், டி.இ.ஐ.சி. எனப்படும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. அங்கே பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் கட்டணம் இல்லை.

இனி அந்த இடது கை. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் நொட்டாங்கைக்காரர், அது குறை இல்லை. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்கியிருந்தால்தான் நாங்கள் விசாரிப்போம், ஏனென்றால் மற்றக் கை பலவீனமாக இருக்கலாம். அவன் வயதில் ஒரு கை பக்கம் சாய்வது இயல்பு, ஐந்து ஆறு வயதுக்குள் நிலைத்துவிடும். மாற்றிப் பிடிக்க வைத்தால் கை மாறாது. எழுத்தின் மேல் வெறுப்புதான் வரும். சாப்பிடுவது சோத்தாங்கையில்தான் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால் அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், எழுதும் கையை விட்டுவிடுங்கள். எழுத உட்காரும்போது தாளின் மேல்பக்கத்தை லேசாக வலப்பக்கம் சாய்த்து வையுங்கள், கூரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிக்கட்டும். எழுதியதைக் கை மறைக்காது. கத்திரிக்கோல் வாங்கினால் இடது கைக்கென்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மாமியாரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பேரனோடு தினமும் ஓர் ஆட்டம் பல்லாங்குழி ஆடச் சொல்லுங்கள். எந்தக் கையால் காய் போடுகிறான் என்று ஒரு வாரம் அவரே பார்க்கட்டும்.