காடு, மலை என்று அலையும் பிள்ளைக்கு என்ன வேலை?

சாதாரண தரம் முடித்த மகள் காடு, மலை சம்பந்தமான வேலைதான் வேண்டும் என்கிறாளே என்று பயப்படாதீர்கள் அம்மா. முதலில் எந்தக் காடு யார் பொறுப்பில் இருக்கிறது என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோட்டன் சமவெளி வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடர் வனத் திணைக்களத்தின் கீழ். இரண்டுக்கும் ஆட்சேர்ப்பு வேறு வேறு. வர்த்தமானியைப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

காலநிலைக் கொள்கையால் வேலை எப்படி வரும்? 2030க்குள் வனப்பரப்பை 32 வீதமாக்குவதாக இலங்கை 2021இல் உறுதி கொடுத்திருக்கிறது. அதை நிரூபிக்கவும், மரங்களில் எவ்வளவு கரி (காபன்) சேர்ந்திருக்கிறது என்று காட்டவும் யாராவது காட்டுக்குள் போய் அளக்க வேண்டும். தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும், அதுவும் சரிவில் மேட்டுப் பக்கம் நின்று. பள்ளப் பக்கம் நின்று எடுத்தால் அடிமரத்தின் பருத்த பகுதி அகப்பட்டு கரிக் கணக்கு கூடிவிடும். பிறகு அதை ஜீஐஎஸ் (இடத்தோடு சேர்த்துத் தரவுகளைக் காட்டும் கணினி) வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

மலையேற வருபவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். பாதை சேறானால் ஆட்கள் ஓரமாக நடப்பார்கள். பாதை அகலும், புல் சாகும், கரி சேர்ந்த கறுப்பு மண் மழையோடு போகும். பாதைக்குக் குறுக்கே சாய்வாக வடிகால் வைத்துத் தண்ணீரை ஒதுக்குவதும், ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம் என்று கணிப்பதும் படித்தவர்கள் செய்யும் வேலை. (வெறும் புல்வெளியைக் கண்டதும் மரம் நடக் கிளம்புபவர்களிடம் மட்டும் அவளைச் சேரவிடாதீர்கள். பத்தனா என்னும் மலைநாட்டுப் புல்வெளி அப்படியே இருக்க வேண்டிய இடம்.)

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தால் வழி அகலம். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறையிலும் இதற்கான படிப்பு உண்டு. எந்தப் பாடச் சேர்க்கை, எவ்வளவு இசட் புள்ளி என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கையேட்டில் பாருங்கள். பழைய கையேட்டை நம்ப வேண்டாம். கலைப் பிரிவு என்றால் புவியியலை விடவே கூடாது, ஜீஐஎஸ் அந்த வழியாகவும் வரும்.

வீட்டுக்குச் சீக்கிரம் வருமானம் வேண்டுமானால், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேச வழிகாட்டி உரிமம் எடுக்கலாம். உரிமமில்லாமல் ஆட்களைக் கூட்டிப் போக வேண்டாம்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது மொழியில். விஞ்ஞானப் பட்டம் ஆங்கிலத்தில். வன அலுவலகத்திலோ சிங்களம். பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களில் சிங்களம் பேசப் பழகட்டும். ஜீஐஎஸ் வரைபடம் வரையும் கியூஜீஐஎஸ் மென்பொருள் இலவசம், கணினி கிடைத்தால் உங்கள் தோட்டத்தின் ஓடைகளையே வரைந்து பார்க்கட்டும்.