பாப்பா எப்படி உள்ளே போனது?

கேள்வி: என் தங்கை ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்த என் 6 வயது மகன், "சித்தி பாப்பாவை முழுங்கிட்டாங்களா? எப்படி உள்ளே போச்சு?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டான். "சாமி கொடுத்தது" என்று சொல்லி விளையாட அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. 9 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். இவர்களிடம் எதை, எப்போது சொல்வது? இப்போதே சொன்னால் மனம் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அவன் கேட்பதை நிறுத்திவிட்டான் என்ற வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. சந்தேகம் தீர்ந்து அவன் ஓய்ந்திருக்க வழியில்லை; இது அம்மாவிடம் கேட்கக்கூடாத சங்கதி என்று உங்கள் முகத்தைப் பார்த்தே முடிவுசெய்திருப்பான். அவன் மறுபடி கேட்கட்டும் என்று காத்திருக்காமல், தூங்கவைக்கும் நேரத்தில், "அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை" என்று நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

வயிறு என்றால் சாப்பாடு போகும் இடம் என்று மட்டுமே அறிந்த குழந்தைக்கு, விழுங்கப்பட்ட பாப்பா என்பது உண்மையிலேயே அச்சம் தரும் காட்சி. பாப்பா இருப்பது சாப்பாடு போகும் இரைப்பையில் அல்ல, கருப்பை என்ற தனி இடத்தில் என்றும், தொப்புள்கொடி வழியாகத்தான் அதற்கு உணவு போகிறது என்றும் சொல்லுங்கள். சட்டையைத் தூக்கித் தன் தொப்புளை அவனே தொட்டுப் பார்க்கட்டும். அந்தக் கொடி இருந்த தழும்பு அது. அம்மாவின் உடம்பில், பேனா முனையால் வைத்த புள்ளியைவிடச் சிறிய கருமுட்டையும், அப்பாவின் உடம்பில் அதைவிடவும் மிகச் சிறிய விந்தணுவும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் குழந்தை வளரத் தொடங்கும். பெரும்பாலும் இந்த வயதுக் குழந்தைகள் இதோடு திருப்தியடைந்துவிடுவார்கள். எப்படிச் சேரும் என்று கேட்டால் மட்டும், பெரியவர்கள் இருவர் விருப்பத்தோடு மிக நெருக்கமாக இருக்கும்போது விந்தணு அம்மாவின் உடம்புக்குள் போகிறது, அது பெரியவர்களுக்கு மட்டுமே உரியது என்று சொன்னால் போதும். கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள். ஆனால், பின்னால் மாற்றிச் சொல்ல வேண்டிய பொய்யைச் சொல்லாதீர்கள்.

பிறப்புறுப்புகளுக்குச் செல்லப்பெயர் வைக்காமல் உரிய பெயரையே கற்றுக்கொடுங்கள். யாராவது தவறாகத் தொட்டால் எங்கே, என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்ல அந்தச் சொற்கள்தாம் குழந்தையிடம் இருக்கும்.

மனம் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி, 5 வயது முதலே அந்தந்த வயதுக்கேற்ற பாடங்களை வகுத்திருக்கிறது. இக்கல்வி பாலுறவை அதிகரிப்பதில்லை என்பதையும் ஆய்வுகளைக் கொண்டு எடுத்துச் சொல்கிறது.

உங்கள் மகள் விஷயத்தில்தான் தாமதிக்கக்கூடாது. பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றங்கள் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன; மார்பகம் வளரத் தொடங்கிச் சுமார் இரண்டு ஆண்டுகளில் மாதவிடாய் வருவது வழக்கம். எதுவும் தெரியாத சிறுமி உள்ளாடையில் இரத்தத்தைக் கண்டால், தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்றுதான் நினைப்பாள். அந்தப் பயத்தோடு ஒரு குழந்தை தனியே கழிவறையில் நிற்பதை நினைத்தாலே எனக்கு மனம் பொறுக்கவில்லை. கருப்பை மாதந்தோறும் தயாராகி, கரு உருவாகாதபோது அதன் உள்படலம் இரத்தத்தோடு வெளியேறுகிறது, இது நோயும் அல்ல, அழுக்கும் அல்ல என்று இப்போதே சொல்லுங்கள். ஒரு நாப்கினைக் கையில் கொடுத்து, பிரித்து, உள்ளாடையில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிப் பையில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். தம்பி அதைப் பார்த்து என்னவென்று கேட்டால், அவனுக்கும் அதே பதிலைச் சொல்லுங்கள்.