முட்டை, குஞ்சு, சுற்றுச்சூழல்: கேட்டவையும் பதில்களும்

மீன், தவளை, சிப்பி என்று எதைப் பற்றியும் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: "சூடு கெடுதலா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தக் கட்டத்தில், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேடம், தண்ணீர் சூடானால் முட்டை சீக்கிரம் பொரிக்கிறதே, நல்லதுதானே?

சீக்கிரம் பொரிப்பது உண்மை. அட்லாண்டிக் சால்மன் முட்டை 5 டிகிரியில் பொரிக்க ஏறத்தாழ 100 நாள் ஆகும், 10 டிகிரியில் 50 நாள் போதும். ஆனால் சூடு எல்லையை நெருங்கினால் உயிரோடிருப்பதற்கே மஞ்சள் கருவில் பெரும்பங்கு செலவாகிவிடும். உடம்பு கட்ட மிஞ்சுவது கொஞ்சம்தான், அதனால் குஞ்சு சிறுத்து வெளிவரும். கையிருப்பு தீரும் நாளில் வாய்க்கு எட்டிய தூரத்தில் இரை இல்லையென்றால் கதை முடிந்தது. ஒரு வருடத்து மீன்வளத்தையே இந்தச் சில நாட்கள் தீர்மானிக்கலாம் என்று நார்வேயின் யோஹன் யோர்ட் 1914இலேயே எழுதினார்.

இன்னொன்று. ஸீப்ரா மீன் கருவில் முதல் மூன்று மணி நேரம் அதன் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் வேலையைத் தொடங்கியிருக்காது. தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பிய சரக்கை வைத்துத்தான் கால் மணிக்கு ஒரு முறை செல்கள் பிரிகின்றன. அந்த நேரத்தில் திடீரென்று சூடேறினால், சூட்டிலிருந்து காக்கும் புரதங்களைப் புதிதாகச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. மறுநாள் இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். அப்போது அதே சூட்டை ஓரளவு சமாளித்துவிடும். நான் ஏன் எப்போதும் நேரத்தைக் கேட்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

என் தொட்டியில் மீன் முட்டைகள் வெள்ளையாகிவிட்டன. ஏன்?

கருவுறாத முட்டை, அல்லது செத்த கரு. உள்ளே புரதம் உறைந்து வெளுத்துவிடும், அப்புறம் பூஞ்சை படரும். உடனே எடுத்துப் போடுங்கள், இல்லையென்றால் பக்கத்து முட்டைக்கும் பரவும்.

சிப்பிக் குஞ்சுகளைக் கடல்நீர் கொன்றதாகச் சொல்கிறார்களே, அது எங்கே?

அமெரிக்காவின் ஓரிகன் கரையில், விஸ்கி கிரீக் என்ற குஞ்சு பொரிப்பகத்தில். 2007 வாக்கில் லார்வாக்கள், அதாவது பொரித்த இளம் குஞ்சுகள், கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் பாக்டீரியாவைத்தான் சந்தேகித்தார்கள். பிறகுதான் ஆழ்கடலிலிருந்து மேலேறி வந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்து அமிலமேறிய நீர் என்று தெரிந்தது. சிப்பி லார்வா தன் முதல் ஓட்டை ஏறக்குறைய இரண்டே நாளில் கட்டியாக வேண்டும், அதுவும் முட்டையிலிருந்து கொண்டுவந்த சக்தியை வைத்து. அந்த நீரில் ஓடு கட்டுவதற்குக் கூடுதல் சக்தி செலவாகும். பிற்பாடு நல்ல நீரில் விட்டாலும் அந்த இரண்டு நாள் கடன் அடைவதில்லை. அவர்கள் சோடியம் கார்பனேட் கலந்து நீரைச் சரிசெய்தார்கள். பிற்பகலில் பாசிகள் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்ட பிறகே நீர் எடுக்கவும் பழகினார்கள்.

முட்டை வெள்ளையாக மாறினால் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

வெப்பநிலை மீனின் பாலினத்தை மாற்றுமா?

சில இனங்களில் மாற்றும். தென் அமெரிக்காவின் பெஹெர்ரேய் மீனை லார்வாப் பருவத்தில் 17 டிகிரியில் வளர்த்தால் எல்லாம் பெண், 29இல் எல்லாம் ஆண். சூட்டில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. தீவனத்தில் கார்ட்டிசோல் கலந்து கொடுத்தாலும் ஆண்கள் கூடுகின்றன. வளர்ந்த மீனைச் சூடாக்கிப் பார்க்காதீர்கள், அந்த வாசல் அதற்குள் மூடியிருக்கும்.

கடல் அமிலமானால் கோமாளி மீன் குஞ்சுகள் வாசனையைத் தவறாகப் புரிந்துகொள்ளுமாமே?

2009இல் அப்படி ஒரு ஆய்வு வந்தது. அமிலமேறிய நீரில் வளர்ந்த குஞ்சுகள், வழக்கமாக ஒதுங்கிப்போகும் வாசனையை நோக்கிப் போயின என்றார்கள். 2020இல் வேறொரு குழு ஆறு பவளப்பாறை இனங்களில் 900க்கும் மேற்பட்ட மீன்களை வைத்துப் பார்த்தது. சொல்லிக்கொள்ளும்படியான விளைவு கிடைக்கவில்லை.

அப்படியானால் கடல் அமிலமாவதே கட்டுக்கதையா?

தம்பி, மேலே சிப்பிக்கு என்ன ஆனது என்று படித்தீர்களா? ஓடு கட்டுவது வேதியியல், நடத்தை வேறு விஷயம். ஒன்று ஆட்டம் கண்டால் மற்றதும் விழ வேண்டியதில்லை.

மூளையின் காபா ஏற்பி (நரம்புகளை அடக்கும் வேதிப்பொருளை வாங்கும் புரதம்) மாறுகிறது என்று வாசனைக் குழப்பத்துக்குக் காரணமே கண்டுபிடித்துவிட்டார்களே?

அது 2012இல் வந்த விளக்கம், அழகானதும்கூட. ஆனால் விளைவு திரும்பத் திரும்பக் கிடைக்காதபோது விளக்கத்தை வைத்து என்ன செய்வது? இந்தத் துறை ஆய்வுகளை 2022இல் மொத்தமாக எடுத்துப் பார்த்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில், குறைந்த மீன்களை வைத்துச் செய்தவற்றில்தான் பெரிய விளைவுகள். போகப்போக அவை பூஜ்யத்தை நெருங்கிவிட்டன.

நீங்கள் எந்தக் கட்சி?

தொட்டியில் நிறைய மீன் விட்ட கட்சி. கோமாளி மீன் பற்றி இன்னும் பதினைந்து கேள்வி வரிசையில் நிற்கிறது. எதற்கும் பதில் இல்லை.

எண்ணெய்க் கசிவில் முட்டைகளுக்கு என்ன ஆகும் அக்கா?

நல்ல கேள்வி. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தட்டிய பிறகு ஹெர்ரிங், சால்மன் முட்டைகளை வைத்து நிறைய கற்றுக்கொண்டார்கள். கச்சா எண்ணெயிலிருந்து கரையும் சில பொருட்கள் இதயத் தசைச் செல்லில் பொட்டாசியம், கால்சியம் போய்வருவதைத் தடுக்கின்றன. துடிப்பு தடுமாறும். நுண்ணோக்கியில் பார்த்தால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக் குமிழி மாதிரித் தெரியும். அப்படி உப்பியவை பிழைப்பதில்லை. என்னைக் கவலைப்பட வைப்பது மிகக் குறைந்த அளவில் பட்டவைதான். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது, வளர்ந்தபின் இதயத்தின் வடிவம் மாறியிருக்கும், வேகமாக நீந்த முடியாது. இறந்தவற்றை மட்டும் எண்ணும் ஆய்வு இவற்றை நலமானவை என்று கணக்கில் சேர்த்துவிடும்.

என் பெரிய மீனுக்குக் கண் வீங்கியிருக்கிறது. எந்த மருந்து, எத்தனை சொட்டு?

கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டையில் வெள்ளை நிறம்...

எடுத்துப் போடுங்கள்!

குளம் வற்றினால் தலைப்பிரட்டைகள் என்ன செய்யும்?

சில இனங்கள் அவசரப்படும். ஸ்பேட்ஃபுட் தேரையில் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். நீர் குறையக் குறைய அழுத்த ஹார்மோன் ஏறும், அது தைராய்டு ஹார்மோனோடு சேர்ந்து உருமாற்றத்தை முன்னுக்கு இழுக்கும். தப்பித்துக் கரையேறும் தேரை சிறியதாக இருக்கும்.

பெற்றோர் பட்ட சூடு குஞ்சுக்கு உதவுமா?

முள் டாம்செல் மீனில் உதவியது. பெற்றோரும் சூடான நீரிலேயே வளர்ந்திருந்தால், குஞ்சுகள் அந்தச் சூட்டில் ஆக்ஸிஜனை நன்றாகவே பயன்படுத்தின. அந்த இனத்தில் குஞ்சுகள் மிதந்து தொலைதூரம் போகாமல் பெற்றோர் பக்கத்திலேயே வளர்பவை. கடலோடு அடித்துச் செல்லப்படும் குஞ்சுக்குத் தாயின் தண்ணீரும் தன் தண்ணீரும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. எல்லா மீனுக்கும் இதைப் பொருத்தாதீர்கள்.