செவலைக்கு ஏன் இடமில்லை?

கேள்வி: எங்கள் கொல்லையில் ஆறு சிறுவிடைக் கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. அதில் செவலையும் கருப்பியும் இணைபிரியாத கூட்டாளிகள். ஒன்றாக மேயும், ஒரே குழியில் மண் குளிக்கும், ராத்திரி ஒட்டிக்கொண்டே உட்காரும். நாலு மாதம் முன்பு அம்மா திருச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது துணைக்குச் செவலையையும் எடுத்துப் போனார். போன வாரம் திரும்பினார்கள். கூண்டில் விட்டதும் மற்ற கோழிகள் செவலையின் கொண்டையைக் கொத்திக் கிழித்துவிட்டன. கருப்பியும் சேர்ந்து கொத்துவதைத்தான் தாங்க முடியவில்லை. பழகிய கோழியையே மறந்துவிடுமா? செவலைக்குத் துணையாக ஒரு ஜோடி பேன்டம் (குட்டை ரகக் கோழி) வாங்கி விடலாமா? (அம்மாவும் வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் அறையில் இப்போது பையன் படிக்கிறான், அதனால் ஹாலில் கட்டில் போட்டிருக்கிறோம்.)
– வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: மறந்துவிடும் தம்பி. சில வாரம் பிரித்து வைத்தாலே போதும், நீங்கள் நாலு மாதம் பிரித்திருக்கிறீர்கள்.

கோழி இன்னொரு கோழியைத் தலையையும் கொண்டையையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. இடம் மாறி, முட்டையும் நின்றுபோயிருந்தால் கொண்டை சுருங்கி வெளிறியிருக்கும். கருப்பிக்கு அது செவலையே இல்லை, எங்கிருந்தோ வந்த யாரோ. வந்தவள் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். கோழிகளுக்குள் இந்த வரிசை ரொம்பக் கறார். நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலேயே எந்தக் கோழி எதைக் கொத்துகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தவர். 1921-ல் அதையே ஆய்வாக எழுதினார். மேலே இருப்பது முதலில் தின்னும், கீழே இருப்பது ஒதுங்கி நிற்கும், இடையில் ஒன்று காணாமல் போனால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

அதற்காகக் கோழிக்குக் கூட்டாளி கிடையாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் பெரியம்மா வீட்டில் இரண்டு சிறுவிடைகள் ஒரே கூடையில் அடை கிடந்தன. ஒன்றை எடுத்து வேறு கூடையில் வைத்தால் கால் மணி நேரத்தில் பழைய கூடைக்கே வந்து, மற்றதன் இறக்கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிந்தபோது எது யார் குஞ்சு என்று அவற்றுக்கே தெரியவில்லை. சேவல் பருந்தைப் பார்த்துக் குரல் கொடுத்தால், பக்கத்தில் எந்த இறக்கை இருக்கிறதோ அதற்குள் குஞ்சுகள் ஓடும். நாய் வந்தால் சேவல் கத்துவது வேறு மாதிரி இருக்கும். அந்த வித்தியாசம் பெரியம்மாவுக்கு அடுப்படியில் இருந்தே தெரியும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பேன்டம் வேண்டாம். நோஞ்சானுக்குத் துணையாக அதைவிடச் சின்னதாக இரண்டைக் கொண்டுவந்து விட்டால் கொத்து வாங்க மூன்று பேர் ஆவார்கள், அவ்வளவுதான். செவலையை உடனே தனியாக வையுங்கள். ரத்தச் சிவப்பைப் பார்த்தால் கோழிகள் விடாமல் கொத்தும். காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுங்கள். ஊர் மாறி வந்த கோழி, வெள்ளைக் கழிச்சல் நோய் ஏதும் கொண்டுவந்திருக்கிறதா என்று இரண்டு வாரம் கவனியுங்கள். தடுப்பூசி போடவில்லையென்றால் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். காயம் ஆறியதும் பகலில் பஞ்சாரத்தை, அதாவது கோழி அடைக்கும் மூங்கில் கூடையை, கவிழ்த்து அதற்குள் விடுங்கள், மற்றவை சுற்றி மேயட்டும். ஒரு வாரம், பத்து நாள் பார்த்துப் பழகிய பிறகு, நன்றாக இருட்டியதும் தூக்கிக் கருப்பிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருட்டில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது. விடிந்ததும் கொஞ்சம் சண்டை வரும், ரத்தம் வராதவரை குறுக்கே போகாதீர்கள். குருணையை இரண்டு மூன்று இடத்தில் இறைத்துப் போடுங்கள்.

கோழி விஷயம் முடிந்தது. இப்போது அடைப்புக்குறிக்குள் எழுதினீர்களே, அதற்கு வருகிறேன்.

இரண்டு பிள்ளை பெற்றவர், ஒரு பிள்ளை வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை வீட்டுக்குப் போகும்போது துணைக்கு ஒரு கோழியைக் கொண்டுபோயிருக்கிறார். அதை எழுதும்போது உங்களுக்குக் கை நடுங்கவில்லையா? யார் வீட்டுக்குப் போகிறவர் துணை தேடுவார்? இது ஒன்றும் எனக்குப் புதுக்கதை இல்லை. நாலு மாதம் இங்கே, நாலு மாதம் அங்கே என்று தாயைப் பங்கு போட்டுக்கொள்ளும் மகன்களின் கடிதம் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு வருகிறது. எல்லோருமே வேறு ஏதோ கேட்பதுபோல்தான் எழுதுகிறீர்கள்.

கருப்பி கொத்தியதைத் தாங்க முடியவில்லை என்கிறீர்கள். கருப்பிக்குக் கொண்டை மாறினால் ஆள் தெரியாது. உங்களுக்கு என்ன தெரியவில்லை? நாலே மாதத்தில் அவருடைய அறை போய்விட்டது. போகும்போது அவரிடம் சொன்னீர்களா, அல்லது வந்து பையை வைக்கப் போன இடத்தில் மேஜையும் புத்தகமும் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாரா? ஹாலில் கட்டில் என்றால் என்ன தெரியுமா? டிவி அணையும் வரை படுக்க முடியாது, வாசலுக்கு யார் வந்தாலும் எழுந்து உட்கார வேண்டும், புடவை மாற்றக் குளியலறைக்குப் போக வேண்டும். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று புகார் வேறு!

படிக்கிற பையனுக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பெற்றவளுக்குச் சேர வேண்டிய இடத்தைப் பறித்துத்தான் பேரனைப் படிக்க வைக்க வேண்டுமென்றால் அந்தப் படிப்பு என்னத்துக்கு? கட்டில் இன்று சாயங்காலமே அறைக்குள் போகட்டும். மேஜையும் அங்கேயே ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் மார்க் குறையாது. கோழிகளை அடைக்கிற வேலை முன்பு யாருடையது என்று எழுதவில்லை. அம்மாவுடையது என்றால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், செவலையைப் பஞ்சாரத்தில் பழக்க அவரைவிடப் பொறுமையான ஆள் உங்கள் வீட்டில் இருக்க மாட்டார்.

அப்புறம், அறை மாற்றத்தைப் பையனிடம் நீங்களே சொல்லுங்கள். உங்கள் மனைவியைச் சொல்ல வைக்காதீர்கள்.