ஆணி அடிப்பதற்கு முன்: படக்கடை அண்ணாச்சி பதில்கள்

பாளையங்கோட்டையில் 34 வருடமாகப் படங்களுக்குப் பிரேம் போடுகிறவன் நான். வீட்டுப் படங்களையும், ஊர் சுற்றி வந்ததன் நினைவாக எடுத்து வைத்த சாமான்களையும் நீங்களே அழகாகச் சுவரில் வைக்கலாம் என்று போன இதழில் எழுதப்போக, கடிதங்கள் ஒரு பை நிறைய வந்துவிட்டன. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரங்களில் உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை.

அண்ணாச்சி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாமனார், மாமியார் கல்யாணப் படம் நனைந்து, அப்படியே காய்ந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்து எடுத்துப் புதுப் பிரேம் போட வேண்டும். எப்படிப் பிரிப்பது?
– வாசகி, ஸ்ரீவைகுண்டம்

பிரிக்காதீர்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

போட்டோத் தாளின் மேல் உருவத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். இழுத்தால் தாள் கையோடு வரும், முகம் கண்ணாடியில் நிற்கும். இது எனக்கு ஏட்டில் படித்துத் தெரிந்ததல்ல. எங்கள் அம்மாவுக்கு இளவயதில் எடுத்தது ஒரே ஒரு படம். மழையில் சுவர் ஊறி அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. நான் தொழிலுக்குப் புதுசு, பிளேடை விட்டு நெம்பினேன். இடது கன்னமும் மூக்குத்தியும் கண்ணாடியோடு போய்விட்டன. “போனாப் போகுது, நான்தான் நேர்ல இருக்கேன்ல” என்றாள் அம்மா. இப்போது அவளும் இல்லை. அந்தக் கண்ணாடியை மட்டும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் துடையுங்கள். வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். ஒரு கறுப்புத் துணியில் செல்போன் கேமரா எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஓட்டை போட்டு, துணியைப் படத்துக்கு எதிரே திரைபோல் பிடித்துக்கொண்டு, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். கண்ணாடியில் உங்கள் முகமும் ஜன்னல் கம்பியும் விழாது. ஸ்டுடியோவில் ஸ்கேனர் இருந்தால் கண்ணாடியோடேயே வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லலாம். அதிலிருந்து கறையை நீக்கி ஒரு பிரதி போட்டுச் சுவரில் மாட்டுங்கள். அசலைக் கண்ணாடியோடு சேர்த்துப் பருத்தித் துணியில் சுற்றி, பீரோவில் படுக்கை வசத்தில் வைத்துவிடுங்கள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு என் கடைக்கு நனைந்த ஆல்பங்கள் சாக்கில் வந்தன. ஈரமாகவே வந்த பழைய ஸ்டுடியோ படங்களில் பல பிழைத்துக்கொண்டன. சேறு இருந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெல்ல அலசி, உருவம் இருக்கும் பக்கத்தைத் தொடாமல், முகம் மேலே பார்க்கும்படி துணிமேல் பரப்பி நிழலில் உலர விட்டோம். உலரும்போது சுருளும், சுருளட்டும், அதை அப்புறம் சரிசெய்யலாம். “நல்லாக் காய வச்சுக் கொண்டாந்திருக்கோம் அண்ணாச்சி” என்று கட்டாகக் கொண்டுவந்தவர்களுக்குத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி, மரப்பலகைபோல் ஆகிவிட்டிருந்தது.

புதுப் படத்துக்குப் பிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றி ஜன்னல்போல் வெட்டிய அட்டை, இருந்தால் நல்லது. இல்லையென்றால் பிரேமின் உள்விளிம்புப் பள்ளத்துக்குள் மறையும்படி 3 மில்லிமீட்டர் கனத்தில் நாலு பட்டை வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கடையிலும் செய்துதருவார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

1987-ல் எங்கள் அப்பாவும் அம்மாவும் காசிக்குப் போனார்கள். அப்போதைய அட்டை ரயில் டிக்கெட், காசிக் கயிறு, சின்னக் கங்கைச் சொம்பு, அப்பா பேனாவில் எழுதிய செலவுக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. போன வருடம் நாங்களும் போய்வந்தோம். எங்கள் பஸ் டிக்கெட்டுகளையும் சேர்த்து ஒரே பிரேமில் வைக்க முடியுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

அம்பாசமுத்திரத்துக்காரர் என்பதால் பதில் சுலபம். பக்கத்தில் பத்தமடை இருக்கிறது. சாதாரணக் கோரைப் பாயில் ஒரு துண்டு வாங்குங்கள், விலை கூடிய பட்டுப் பாய் வேண்டாம். அதைப் பலகைமேல் இழுத்துக் கட்டி, அதன்மேல் சாமான்களை வையுங்கள். பாய் என்றால் ஊசி நுழையும். அதனால் பசையே தேவைப்படாது. கயிற்றை இரண்டு இடத்தில் தையல் போட்டு நிறுத்தலாம். சொம்பின் கழுத்தில் மெல்லிய பித்தளைக் கம்பியைச் சுற்றிப் பின்பக்கம் முறுக்கிவிடலாம். என்றைக்காவது பிரிக்க வேண்டும் என்று தோன்றினால் நூலை வெட்டினால் போதும். பசை போட்டு ஒட்டியதைப் பிரிக்கும்போது சாமானும் சேர்ந்து பிய்யும்.

சொம்பு இருப்பதால் ஆழமான பெட்டிப் பிரேம் வேண்டும். சொம்பின் பருமனை அளந்து அதோடு அரை அங்குலம் கூட்டுங்கள். சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று குலுக்கிப் பாருங்கள். ஈயம் வைத்து அடைத்த சொம்பாக இருந்தாலும் வருடக்கணக்கில் கசியும், பெட்டிக்குள் பூசணம் பிடிக்கும். தண்ணீர் இருந்தால் சொம்பு பூஜை அறையிலேயே இருக்கட்டும். பெட்டிக்கு அதன் படம் போதும்.

பஸ் டிக்கெட்டுக்கு வருவோம். இப்போது மெஷினில் கிழித்துத் தருகிறார்களே, அது சூடு பட்டால் கறுக்கும் தாள். அதில் மையே கிடையாது. வெளிச்சத்திலும் வெக்கையிலும் எழுத்து தானாக மங்கிப்போகும். அழியாமல் இருக்கட்டும் என்று லேமினேஷன் போட ஒருவர் கொடுத்தார். மெஷினின் சூட்டில் முழு டிக்கெட்டும் கரியாக வெளியே வந்தது. அவர் முகத்தை நான் மறக்கவில்லை. ஆகவே முதல் வேலையாக டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுங்கள். பெட்டிக்குள் ஜெராக்ஸை வைத்தால் பழைய அட்டை டிக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் குறைவாகத் தெரியாது.

அப்பாவின் கணக்குச் சீட்டுக்கும் அதேதான். பேனா மை வெளிச்சத்தில் வெளுக்கும். கலர் பிரதி சுவருக்கு, அசல் பீரோவுக்கு. எத்தனை கடிதம் வந்தாலும் பாதிக்கு மேல் இந்த ஒரே பதில்தான். படிக்கச் சலிப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

ராமேஸ்வரத்திலிருந்து குழந்தைகள் பொறுக்கி வந்த சிப்பிகளும் ஒரு பவளப்பாறைத் துண்டும் இருக்கின்றன. சிப்பி லேசாக நாறுகிறது.
– வாசகி, கோவில்பட்டி

நாறுகிறது என்றால் உள்ளே சதை இருக்கிறது. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷால் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வினிகர் ஊற்றாதீர்கள், சிப்பியையே அரிக்கும். சுண்ணாம்புதானே அது.

பவளப்பாறை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பவளப்பாறை 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. கரையில் கிடந்தாலும் எடுத்துவரக் கூடாது. சிப்பியிலும் சங்கிலும்கூடச் சில வகைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அடுத்த முறை பிள்ளைகள் பொறுக்கியதைக் கரையில் மணல்மேல் அடுக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்தப் படத்துக்கு நான் பிரேம் போட்டுத் தருகிறேன்.

மகன் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் பேரன் படம் அனுப்புகிறான். செல்போனில் பளிச்சென்று இருக்கிறது. பெரிதாகப் போட்டால் மூக்கும் வாயும் கட்டம் கட்டமாக வருகிறது. ஸ்டுடியோக்காரரிடம் சண்டையே போட்டுவிட்டேன்.
– பெரியவர், நாகர்கோவில்

ஐயா, ஸ்டுடியோக்காரரிடம் ஒரு காப்பி குடித்துச் சமாதானம் ஆகிவிடுங்கள். அவர்மேல் தப்பில்லை. வாட்ஸ்அப் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். மகனிடம் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், அசல் அளவிலேயே வரும். 4க்கு 6 அங்குலப் படம் தெளிவாக வர 1200க்கு 1800 புள்ளிகள் வேண்டும். 8க்கு 12 என்றால் 2400க்கு 3600, மொத்தப் புள்ளிகள் நாலு மடங்கு.

இறந்தவர்கள் படத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து வைத்துக் கண்ணாடி மங்கிவிட்டது. வைக்காமலும் இருக்க முடியவில்லை.
– வாசகி, தென்காசி

ஏன் வைக்காமல் இருக்க வேண்டும்? வையுங்கள், கண்ணாடி இருப்பதே அதற்குத்தான். பழசைத் துடைத்துவிட்டுப் புதுசு வையுங்கள். தண்ணீரைக் கண்ணாடிமேல் நேராகத் தெளிக்காமல் துணியை நனைத்துத் துடையுங்கள். நேராகத் தெளித்தால் கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். மாலை வாடினால் அன்றே எடுத்துவிடுங்கள். விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

மாடிப்படிச் சுவரில் குடும்பப் படங்கள் 22 மாட்ட ஆசை. எதை எங்கே என்று வீட்டில் ஆளுக்கொரு பேச்சு.
– வாசகர், திருநெல்வேலி நகரம்

ஒவ்வொரு பிரேமின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டி, யார் படம் என்று அதில் எழுதி, சுவரில் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு வாரம் எல்லோரும் ஏறி இறங்கட்டும். காகிதத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆணி ஓட்டையை மாற்ற முடியாது. சாயங்கால வெயில் விழும் இடத்தையும், மறுபக்கம் குளியலறை இருக்கும் சுவரையும் விட்டுவிடுங்கள். பிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு கார்க்குத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்தின் பின்பக்க ஓரத்திலும் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். மிருதுவான பென்சில் போதும். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பிரேமின் முதுகில் ஒட்டுங்கள். என் கடைக்கு வரும் பழைய கூட்டுக் குடும்பப் படங்களில் ஓரத்தில் நிற்கும் ஒருவரையாவது யாருக்கும் தெரிவதில்லை. “யாரோ சித்தப்பா முறை” என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். பேச்சு படத்தை விட்டு எங்கெங்கோ போகும், ஆகவே இரண்டு பென்சிலாகச் சீவி வைத்துக்கொள்ளுங்கள்.