மோட்டார் லம்பாரைப் பழைய சீட்டில் பொருத்துவது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். 2012 மைவி ஓட்டுகிறேன். தினமும் தோட்டத்துச் செம்மண் பாதை, வாரத்தில் மூன்று நாள் ஈப்போ, இடுப்பு தாங்கவில்லை. பழைய கார்களின் உதிரிபாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில், வேறொரு காரின் சீட்டிலிருந்து கழற்றிய மோட்டார் லம்பார் (சீட் முதுகுக்குள் இருந்து இடுப்பைத் தாங்கும் அமைப்பு) ஒன்று வாங்கினேன். கம்பிவலை, கேபிள், மோட்டார், அதிலிருந்து வரும் இரண்டு வயர், அவ்வளவுதான், சுவிட்ச் இல்லை. சிகரெட் லைட்டர் வயரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் பட்டறைப் போமன் (மெக்கானிக்). சரிதானா? சீட்டை நானே கழற்றலாமா?

பதில்: லைட்டர் வயரில் சேர்த்தாலும் மோட்டார் ஓடும். ஓடுகிறது என்பதால்தான் பலரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த பியூஸில் ஏற்கெனவே போன் சார்ஜரும் டேஷ்கேமும் தொங்கிக்கொண்டிருக்கும். லம்பார் எல்லையில் முட்டி நிற்கும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பியூஸ் போனால் எல்லாமே சேர்ந்து நிற்கும். தனி பியூஸ், தனி வயர் போட்டுவிடுங்கள். சீட்டை நீங்களே கழற்றலாம், அதன் அடியில் மஞ்சள் சாக்கெட் இல்லாதவரை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. உட்காரும் பகுதியின் பின்பாதியை முழங்கையால் அழுத்திப் பாருங்கள். அடியில் இருக்கும் கம்பி தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருடம் ஓடிய காரில் அது சாதாரணம். ஃபோம் அமுங்கினால் உடம்பு கீழே இறங்கும், இடுப்பெலும்பு பின்னால் சாயும். அப்போது லம்பார் இடுப்பின் வளைவைத் தாங்காது, அதற்கு மேலே விலாவுக்குப் பக்கத்தில் போய்க் குத்தும். ‘லம்பார் போட்ட பிறகு வலி கூடிவிட்டது’ என்பவர்கள் பலருக்கும் நடந்தது இதுதான். முதலில் அடி ஃபோமை மாற்றுங்கள் அல்லது சீட் தைக்கும் கடையில் கெட்டியான துண்டு வைத்து ஏற்றுங்கள். பாதி வலி அதிலேயே குறையலாம். கால் மரத்துப்போவது, வலி தொடையைத் தாண்டி இறங்குவது இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். அது சீட் வேலை அல்ல.

உங்களிடம் இருப்பது கேபிள் வகை. மோட்டார் சின்ன கியர்பெட்டி வழியாகக் கேபிளை இழுக்கும். கேபிள் இறுகும்போது கம்பிவலை வில்லைப்போல் முன்பக்கம் வளைந்து முதுகைத் தள்ளும். மோட்டாரின் இரண்டு வயரில் எது பாசிட்டிவ் என்று நிரந்தரமாக எதுவும் கிடையாது. ஒரு பக்கம் கொடுத்தால் வெளியே தள்ளும், மாற்றிக் கொடுத்தால் உள்ளே போகும். வயரிங் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

பொருத்துவதற்கு முன் மேசை மேல் வைத்துச் சோதியுங்கள். மல்டிமீட்டரில் இரண்டு வயருக்கும் இடையே ஒரு சில ஓம் காட்ட வேண்டும். பிறகு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, நடுவில் 5 ஆம்பியர் பியூஸ் போட்டு, தொட்டுப் பாருங்கள். உறுமல் கேட்டு வலை அசையாவிட்டால், கேபிள் முனை கொக்கியிலிருந்து நழுவியிருக்கும், இல்லையேல் பிளாஸ்டிக் கியரின் பல் போயிருக்கும். முன்னது சரியாகும், பின்னதென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உங்கள் கையில் உள்ளதில் மூன்று அல்லது அதற்கு மேல் வயர் வந்து, மோட்டாரோடு சின்ன எலக்ட்ரானிக் பெட்டியும் ஒட்டியிருந்தால் பேட்டரியை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்காதீர்கள். தலைகீழாகக் கரண்ட் போனால் அந்தப் பெட்டி கருகிவிடும்.

அடுத்து அளவு. சீட் முதுகின் இரும்புச் சட்டத்தில், இடுப்பு உயரத்தில், உள்பக்கம் இடமிருந்து வலமாக அளந்துகொள்ளுங்கள். கம்பிவலையின் கொக்கிக்குக் கொக்கி அளவோடு ஒப்பிடுங்கள். ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கொக்கியை வளைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் இந்த வலை உங்கள் சீட்டுக்கு இல்லை. வலை அகலமாக இருந்தால் மோட்டாரே இல்லாமல் எப்போதும் முதுகைத் தள்ளிக்கொண்டிருக்கும். குறுகலாக இருக்கிறதென்று சட்டத்தில் துளை போடுவது, வெல்டிங் வைப்பது கூடவே கூடாது. பின்னாலிருந்து லோரி இடித்தால் உங்களைத் தாங்கப்போவது அந்தச் சட்டம்தான். அளவு பொருந்தாவிட்டால் காற்றுப்பை வகை கிட் வாங்குங்கள். பையை ஃபோமுக்கும் சட்டத்தின் கம்பிக்கும் நடுவில் வைத்து, கம்பிப் பக்கம் தடித்த கேன்வாஸ் துணி கொடுக்க வேண்டும். துணி இல்லாமல் வைத்தால் கம்பி உரசியே பையில் ஓட்டை விழும்.

இப்போது சீட்டைக் கழற்றுவது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் குறைந்தது மூன்று நிமிடம் காத்திருங்கள். உங்கள் கார் கையேடு இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள். சீட் முதுகின் வெளிப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று துணி அட்டை தைத்திருக்கிறதா, அடியில் மஞ்சள் நிறச் சாக்கெட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மைவியின் சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்காது என்று யார் சொன்னாலும் கண்ணால் பாருங்கள். சில கார்களில் பெல்ட் மாட்டும் கொக்கியை விபத்தில் இழுத்துப் பிடிக்கும் வெடிமருந்துக் குழாயும் சீட்டிலேயே இருக்கும். அதற்கும் மஞ்சள் சாக்கெட்தான். மஞ்சள் இருந்தால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் ஏர்பேக் வேலை தெரிந்த பட்டறையிடம் விடுங்கள். அந்தச் சாக்கெட் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினாலே டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க முடியும். அதைவிட மோசமானது, வேலை செய்யும்போதே ஏர்பேக் வெடித்துவிடுவது.

சீட்டை வெளியே எடுத்ததும், முதுகு உறையின் அடியில் கொக்கியாக வளைந்த பிளாஸ்டிக் பட்டையோ, சின்னக் கம்பி வளையங்களோ இருக்கும். பட்டை கையால் கழலும். வளையங்களைக் கட்டர் வைத்து வெட்டுங்கள். தலையணையை எடுத்துவிட்டு உறையைக் கீழிருந்து மேலாகச் சுருட்டினால் போதும், முழுதாகக் கழற்றத் தேவையில்லை. பழைய கம்பிவலையைக் கழற்றி, புதியதை அதே துளைகளில் மாட்டுங்கள். உயரம் முக்கியம்: நீங்கள் உட்கார்ந்து அமுங்கிய மட்டத்திலிருந்து 15 முதல் 25 சென்டிமீட்டர் மேலே வலையின் வளைவு உச்சம் வர வேண்டும். கால்சட்டை பெல்ட் கட்டும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளை உள்ளங்கை அகலத்தைவிட இறுக்கமாக வளைக்காதீர்கள். அங்கேதான் உராய்ந்து முதலில் அறுகும்.

சுவிட்சுக்கு இரண்டு வழி. எங்களுக்குப் பிடித்தது, அதே ஹாஃப்கட் கடையில் கிடைக்கும், பழைய காரின் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சுவிட்ச். அதில் ஐந்து முனை: ஒன்று பாசிட்டிவ், இரண்டு எர்த், இரண்டு மோட்டார். கை வைக்காதபோது மோட்டாரின் இரண்டு முனையும் எர்த்தில் இருக்கும். அழுத்தினால் ஒரு முனை மட்டும் எர்த்தை விட்டுப் பாசிட்டிவுக்குத் தாவும். மல்டிமீட்டரின் பீப் வைத்து இதை உறுதிசெய்த பிறகே வாங்குங்கள். பல புதிய கார்களின் கண்ணாடிச் சுவிட்ச் கணினிக்கு சிக்னல் மட்டும் அனுப்பும். மோட்டார் கரண்டைத் தாங்காது.

இரண்டாவது, ஆறு முனை ராக்கர் சுவிட்ச். விட்டதும் நடுவுக்குத் திரும்பும் வகையாக இருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நிற்கும் வகையை வாங்கினால் யாராவது மறந்துவிட, மோட்டார் முட்டிக்கொண்டே சூடாகும். நடுவிலுள்ள இரண்டு முனை மோட்டாருக்கு. மேலே உள்ள இரண்டில் ஒன்றுக்குப் பாசிட்டிவ், மற்றதற்கு எர்த். மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கும், மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கும் குறுக்காக இரண்டு துண்டு வயர். நேராகக் கீழே இணைத்தால் எந்தப் பக்கம் அழுத்தினாலும் மோட்டார் ஒரே திசையில் ஓடும். பக்கத்துப் பக்கமாக இணைத்தால் பாசிட்டிவும் எர்த்தும் சேர்ந்து பியூஸ் உடனே போகும். வாங்கும்போது 12 வோல்ட் டிசிக்கு 15 ஆம்பியர் என்று எழுதியதைக் கேளுங்கள். வீட்டு விளக்குச் சுவிட்ச் மாதிரி 250 வோல்ட் ஏசி மட்டும் எழுதியதில், டிசி தீப்பொறி எளிதில் அணையாததால், முனைகள் சீக்கிரம் கருகும்.

மின்சாரம் பியூஸ் பெட்டியிலிருந்து. பழைய பியூஸின் இடத்தில் குத்தி, பழையதையும் புதியதையும் சேர்த்துத் தாங்கும் இரட்டை பியூஸ் முனை உதிரிபாகக் கடையில் கிடைக்கும். உங்கள் பெட்டியில் இருக்கும் பியூஸ் ஒன்றைக் கையில் எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்குங்கள். பெரியது, மினி, குட்டை மினி என்று பல வகை. சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் இடமாகத் தேர்ந்தெடுங்கள், பிள்ளைகள் சீட்டில் விளையாடும்போது மோட்டார் ஓடாமலிருக்கும். ஏர்பேக், பிரேக், ஸ்டீயரிங், எஞ்சின் கணினி, இந்த நான்கின் பியூஸையும் தொடாதீர்கள். பழைய பியூஸை எடுத்துவிட்டு இரண்டு துளையில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று பார்த்து, இரட்டை முனையின் பொதுக் கால் அந்தப் பக்கம் இருக்கும்படி குத்துங்கள். திருப்பிக் குத்தினால் லம்பாரின் கரண்ட் பழைய பியூஸ் வழியாகவும் போய் அதையும் சேர்த்து எரிக்கலாம்.

பியூஸ் 7.5 ஆம்பியரில் ஆரம்பியுங்கள். முட்டும்போதெல்லாம் போனால் 10. அதற்கு மேல் வேண்டாம். வயர் 1.25 சதுர மில்லிமீட்டர். ஸ்பீக்கர் வயர் வேண்டாம்: மெல்லிய வயரில் வோல்ட் குறைந்து மோட்டார் இழுத்து இழுத்து ஓடும், ஷார்ட் ஆனால் பியூஸ் போகும் முன்பே வயர் உருகும்.

எர்த்தை சீட் ரெயிலில் கொடுப்பது பரவலான தவறு. ரெயிலில் பெயின்டும் கிரீஸும்தான் இருக்கிறது. சீட்பெல்ட் போல்ட்டிலும் கொடுக்காதீர்கள். அதன் பிடிக்கு நடுவில் எதுவும் நுழையக்கூடாது. கார்பெட்டுக்கு அடியில் கார் கம்பெனியே வைத்திருக்கும் எர்த் போல்ட்டைத் தேடி, வளைய முனை வைத்து முறுக்குங்கள்.

இனி வயர் போகும் பாதை. இந்த வேலை ஆறு மாதத்தில் கெடுவதும் பத்து வருடம் நிற்பதும் இங்கேதான் முடிவாகிறது. டேஷ்போர்டு அடியிலிருந்து கதவோரப் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் சென்று, பெல்ட் கொக்கி வயர் மேலே வரும் அதே துளையில் ஏறட்டும். அங்கே இரண்டு முனைச் சாக்கெட் ஒன்று வையுங்கள், ரப்பர் அடைப்பு உள்ளதாக. அடுத்த முறை சீட்டைக் கழற்றுபவர் வயரை வெட்ட வேண்டிவராது. வெள்ளத்தில் கார்பெட் நனையும் ஊர்களில் சாக்கெட்டைத் தரையில் விடாமல் சீட்டின் அடிச்சட்டத்தில் கட்டுங்கள். சீட் முன்னும் பின்னும் இருபது சென்டிமீட்டருக்கு மேல் நகரும், அதற்கான தொங்கல் விடுங்கள். ஆனால் ரெயிலுக்குள் விழும் அளவுக்கு அல்ல. சீட் முதுகு மடங்கும் மூட்டைத் தாண்டும் இடத்தில் இன்னும் கவனம். முழுதாகச் சாய்த்தும் நிமிர்த்தியும் வயர் நசுங்கவில்லை என்று பார்த்த பிறகே உறையை மூடுங்கள். ‘சாய்த்தால் மட்டும் பியூஸ் போகிறது’ என்றால் காரணம் இந்த மூட்டுதான்.

செம்பனைக்குப் பக்கத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு எலி தனிப் பிரச்சினை. வயர் முழுவதையும் நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுத் துணி டேப் சுற்றுங்கள். எலியை அது முழுதாகத் தடுக்காது, உரசலைத் தடுக்கும். சீட்டுக்கு அடியில் கச்சான் (வேர்க்கடலை) கொட்டிக் கிடக்காமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பலன் தரும். இணைப்புகளைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பில் செய்யாதீர்கள், நம் ஈரக்காற்றில் சீக்கிரம் பச்சை பூக்கும். உலோக முனையை வயரோடு நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து) மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

சீட்டைத் திரும்ப வைக்கும்போது நான்கு போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டுப் பிறகு முறுக்குங்கள், கையேட்டில் உள்ள அளவுக்கு. இரண்டு ரெயிலும் ஒரே பல்லில் பூட்டியிருக்க வேண்டும். சீட்டைப் பலமாக முன்னும் பின்னும் தள்ளி இரண்டு பக்கமும் ‘டக்’ என்று பிடிக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டிய சீட், சடன் பிரேக்கில் கோணலாகப் பாயும்.

லம்பாரை ஓட்டிப் பார்க்கும்போது ஒரு திசையில் மட்டும் வேலை செய்தால், சுவிட்சின் ஒரு பக்க எர்த் விட்டுப்போயிருக்கிறது. மெதுவாக ஓடினால், ஓடும்போதே மோட்டார் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் எர்த்தையோ கிரிம்பையோ சந்தேகப்படுங்கள். எல்லையை முட்டியதும் சத்தம் மாறும், அப்போதே விரலை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து அழுத்தி நின்றுபோனால் சில நிமிடம் விடுங்கள். பல மோட்டாரில் சூட்டுக்குத் தானே நிற்கும் பாதுகாப்பு உண்டு, ஆறியதும் ஓடும்.

வலையை மட்டும் மாற்றாமல் வேறு காரின் சீட்டையே முழுதாகப் பொருத்த யாராவது யோசனை சொன்னால், செய்வதற்கு முன் ஜேபிஜேயிலும் (சாலைப் போக்குவரத்து இலாகா) உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

ஒரு வாரம் அந்தச் செம்மண் பாதையில் ஓடிய பிறகு, நான்கு போல்ட்டையும் மறுபடி ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டு, எர்த் முனையும் சாக்கெட்டும் ஆடாமல் இருக்கின்றனவா என்றும் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.