உயிரியலை நேசிக்கும் மகளுக்கு எந்தப் பாடத்திட்டம்? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகளை அதே வழியில் அதன் மேல்நிலைப் படிப்பான ஏ லெவல் படிக்க விடுவதா, இன்னொரு சர்வதேச மேல்நிலைப் படிப்பான ஐபி டிப்ளமோவுக்கு மாற்றுவதா, அல்லது சிபிஎஸ்இ, மாநிலப் பாடத்திட்டம் இவற்றில் ஒன்றுக்குக் கொண்டுவருவதா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். "அவளுக்கு உயிரியல் என்றால் உயிர்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "ஆகவே டாக்டருக்குப் படிக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்" என்கிறீர்கள். பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த "ஆகவே"யில் சற்று நிற்க விரும்புகிறேன். மொட்டைமாடித் தொட்டியில் இருந்த கொசுப்புழுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அவை கூட்டுப்புழுவாகும்வரை நாள்தோறும் படம் வரைந்துவந்த உங்கள் மகள் மருத்துவராகலாம். பூச்சியியல் ஆய்வாளராகவோ கால்நடை மருத்துவராகவோ ஆகலாம். வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர்ப் பாதுகாப்பைப் படிக்கவும் போகலாம். இந்த வழிகள் ஒவ்வொன்றின் வாசலிலும் கேட்கப்படும் சீட்டு வேறு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் எந்த வாசலுக்குப் போகப்போகிறாள் என்பது ஓரளவு தெரிந்தால், பாடத்திட்டக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்தியாவில் எம்பிபிஎஸ் என்றால் நீட் தேர்வைத் தவிர்க்க முடியாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிப் பணியாற்ற விரும்பும் இந்தியக் குடிமக்களும் அதில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதைப் பல பெற்றோர் காலம் கடந்தே அறிகிறார்கள். 2025ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 180 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. மொத்தம் 720 மதிப்பெண்ணில் சரிபாதியான 360 உயிரியலுக்கு உரியது. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு ஒன்று கழியும். சராசரியாக ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்தான் என்பதால், தெரிந்ததைத் தயங்காமல் நினைவுக்குக் கொண்டுவரும் பயிற்சியையே இந்தத் தேர்வு பெரிதும் எதிர்பார்க்கிறது. அதன் உயிரியல் வினாக்கள், சிபிஎஸ்இ பள்ளிகளில் பயன்படும் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டியின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களையே ஒட்டி வருகின்றன. சில வினாக்களில் புத்தகத்தின் வாக்கியமே ஏறத்தாழ அப்படியே நிற்கும்.

இனி, சிபிஎஸ்இ, ஐபி ஆகிய இரண்டு வழிகளிலும் உயிரியல் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதை ஒரே ஒரு சோதனையை வைத்துச் சொல்கிறேன். மரபுப் பொருள் புரதமா டிஎன்ஏவா என்ற கேள்விக்கு 1952இல் ஹெர்ஷியும் சேஸும் விடை கண்டார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் டிஎன்ஏவைக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும், அதன் புரத உறையைக் கதிரியக்கக் கந்தகத்தாலும் அடையாளமிட்டு, எது பாக்டீரியாவுக்குள் நுழைகிறது என்று பார்த்த சோதனை அது. என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் இதை அழகாகவே விவரிக்கிறது. ஆனால் நீட்டுக்குத் தயாராகும் மாணவி இதில் கவனமாகப் பிடித்துக்கொள்வது, எந்தத் தனிமம் எதை அடையாளமிட்டது, ஆண்டு எது, பயன்படுத்திய உயிரி எது என்பவற்றைத்தான். இதே சோதனையை ஐபி உயர்நிலை உயிரியலில் படிக்கும் மாணவியின் முன் அளவீடுகளை வைத்து, இந்த எண்கள் எந்த முடிவுக்கு இடம் தருகின்றன, எந்த முடிவுக்குத் தரவில்லை என்று கேட்பார்கள். இரண்டும் உயிரியல்தான். முதல் பயிற்சி தெளிவான நினைவையும் வேகத்தையும் வளர்க்கிறது. இரண்டாவது பயிற்சி சான்றை எடைபோடும் பொறுமையை வளர்க்கிறது. நல்ல ஆசிரியர் வாய்த்தால் சிபிஎஸ்இ வகுப்பிலும் இரண்டாவது நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே தேசியப் பாடத்திட்டம் என்றாலே மனப்பாடம் என்ற பேச்சை ஏற்க மாட்டேன். 2024-25ஆம் கல்வியாண்டு முதல் சிபிஎஸ்இ மேல்நிலைத் தேர்வுத் தாளில் பாதி வினாக்கள் திறன் சார்ந்தவையாக மாறியிருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேம்பிரிட்ஜ் வழியின் தனிச்சிறப்பு ஆய்வகத்தில் தெரியும். ஏ லெவலின் முதல் பாதியான ஏஎஸ் நிலையில் இரண்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு உண்டு. அங்கே மாணவி தானே கரைசலை வெவ்வேறு செறிவுகளில் தயாரித்து, அளந்து, அட்டவணை போட்டு, வரைபடம் வரைந்து, தன் சோதனையில் பிழை எங்கே நுழைந்திருக்கும் என்றும் எழுத வேண்டும். ஏ லெவல் முடிவில் வரும் இன்னொரு தாள் முழுவதும், ஒரு சோதனையை எப்படித் திட்டமிடுவது, கிடைத்த தரவைப் புள்ளியியல் முறையில் எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியது. ஐபியில் மாணவியே ஒரு கேள்வியை எழுப்பி ஆய்வு செய்து எழுதும் அறிக்கைக்கு உயிரியலின் மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு உண்டு. பூந்திக்கொட்டைச் சாறு பச்சைப்பயறு முளைப்பதைத் தடுக்கிறதா என்பதுபோல் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்தே அந்தக் கேள்வி பிறக்கலாம். நம் மேல்நிலை வகுப்புகளிலும் செய்முறைக்கு மதிப்பெண் உண்டு. சிபிஎஸ்இயில் அது நூற்றுக்கு 30. ஆனால் பல பள்ளிகளில் ஆய்வக நேரத்தை நுழைவுத்தேர்வுப் பயிற்சி விழுங்கிவிடுகிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். குடுவையில் கொசுப்புழு வளர்த்த பெண்ணுக்கு இந்த வேறுபாடு சிறியதாக இருக்காது.

அப்படியானால் ஏ லெவல் படித்துக்கொண்டே நீட்டுக்கும் தயாராகலாமே என்று கேட்பீர்கள். முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இழப்பு எங்கே வரும் என்பதை அறிந்தே இறங்க வேண்டும். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் உயிரியல் செல் சவ்வு, நோய் எதிர்ப்பு, சுவாசித்தல், மரபணுத் தொழில்நுட்பம் போன்றவற்றில் மிக ஆழமாகச் செல்கிறது. ஆனால் விலங்குலகத்தின் தொகுதிகளை வரிசையாகப் பண்புகளோடு அறிவது, வேர், தண்டு, இலை, பூ ஆகியவற்றின் புற அமைப்பு, பூவின் அமைப்பைக் குறியீடுகளால் எழுதும் மலர்ச் சூத்திரம், தவளையின் உடல் அமைப்பு ஆகியவை அதில் இல்லை. நீட்டில் இவை அனைத்தும் உண்டு. இயற்பியலிலும் வேதியியலிலும் இதுபோன்ற இடைவெளிகள் இருக்கின்றன. ஆக, பகலில் ஒரு பாடத்திட்டம், மாலையில் பயிற்சி மையத்தில் இன்னொன்று என்று இரண்டு ஆண்டுகளை ஓட்ட வேண்டியிருக்கும். அவ்வாறு ஓடிய மாணவர்கள் சிலர் வென்றிருக்கிறார்கள். ஆனால் என்னிடம் வந்தவர்களில் பலர் சர்வதேசப் பாடத்திட்டத்தின் அருமையான பகுதியான ஆய்வுக்கும் நேரம் கொடுக்க முடியாமல், நீட்டிலும் நினைத்த இடத்தை எட்ட முடியாமல், ஓராண்டு வீட்டில் இருந்து மறுபடி எழுதினார்கள்.

மேலும் சில நிபந்தனைகளைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே சரிபார்க்க வேண்டும். எம்பிபிஎஸ் தகுதிக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றோடு ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். ஏ லெவலில் மூன்று அறிவியல் பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தை விட்டுவிடும் பிள்ளைகள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஐபியில் சிக்கல் வேறு விதமானது. ஆறு பாடப் பிரிவுகளில் கலைப் பிரிவுக்குப் பதிலாக இன்னோர் அறிவியல் பாடத்தை எடுக்கலாம் என்றாலும், வழக்கமான அமைப்பில் இரண்டு அறிவியல்களுக்கே இடம் உண்டு. மூன்றும் வேண்டுமென்றால், இந்திய மருத்துவப் படிப்பின் நிபந்தனையைக் காரணம் காட்டிப் பள்ளி வழியாகத் தனி அனுமதி பெற வேண்டும். எந்தப் பள்ளியில் பேசினாலும் அந்த அனுமதியை முன்பு பெற்றுத் தந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். வெளிநாட்டு வாரியச் சான்றிதழ்களுக்கு இணைத்தன்மை வழங்குவது இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம். அதன் விதிகளையும் இப்போதே படித்துவிடுவது நல்லது.

நாட்காட்டியும் ஒரு நிபந்தனைதான். நீட் பெரும்பாலும் மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. ஐபியின் மே மாதத் தேர்வுகள் ஏப்ரல் இறுதியில் தொடங்கி அதே நாட்களில்தான் நடக்கின்றன. கேம்பிரிட்ஜின் மே-ஜூன் தேர்வை எழுதினால் முடிவு ஆகஸ்டில் வரும். இங்கே சேர்க்கை விண்ணப்பமும் கலந்தாய்வும் அதற்காகக் காத்திருப்பதில்லை. இந்தியப் பள்ளிகளுக்கென்று கேம்பிரிட்ஜ் மார்ச் மாதத் தேர்வு ஒன்றை நடத்துகிறது. உங்கள் மகளின் பள்ளி ஏ லெவலுக்கு அதைப் பயன்படுத்துகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவத்தைத் தவிர்த்த பிற வாசல்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவளுடைய ஆர்வத்துக்கு அவையே மிக நெருக்கமாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களிலும் நீட் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் கணக்கிடும் கட் ஆஃப்தான் பேசும். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் தரவரிசை பல இடங்கள் கீழே போகும் அந்தப் பட்டியலில், கேம்பிரிட்ஜின் எழுத்துத் தரத்தையோ ஐபியின் ஏழுக்கு இத்தனை என்ற புள்ளியையோ நூற்றுக்கு மாற்றிக்கொண்டு வரும் மாணவி, தொண்ணூறுகளின் உச்சியில் மதிப்பெண் வைத்திருக்கும் மாநிலப் பாடத்திட்ட மாணவர்களோடு போட்டியிட வேண்டும். வேளாண்மையும் கால்நடை மருத்துவமும்தான் இலக்கு என்றால், சிபிஎஸ்இயைவிடவும் மாநிலப் பாடத்திட்டத்தையே நான் முன்வைப்பேன். 2018-19ஆம் ஆண்டு தொடங்கி வந்த அதன் புதிய மேல்நிலைப் புத்தகங்களில் தாவரவியலும் விலங்கியலும் விரிவாகவே இருக்கின்றன.

ஆராய்ச்சிதான் அவள் மனத்தில் இருக்கிறது என்றால், திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட இடங்களில் இருக்கும், அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய அரசின் ஐசர் நிறுவனங்களின் நுழைவுத்தேர்வைப் பாருங்கள். அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சம எடை. உயிரியல் பிள்ளைக்குக் கணிதம் எதற்கு என்று பதினோராம் வகுப்பில் அதை விட்டுவிடுவது பெரிய தவறு. இன்றைய உயிரியல் ஆய்வில் புள்ளியியல் தெரியாமல் ஓரடியும் வைக்க முடியாது. எந்தப் பாடத்திட்டத்துக்குப் போனாலும் கணிதத்தோடு கூடிய உயிரியல் பிரிவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இளநிலைப் பட்டம் படிக்க வேண்டுமானால் சர்வதேசப் பாடத்திட்டம் கட்டாயம் என்றும் எழுதியிருந்தீர்கள், அது சரியன்று. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் சிபிஎஸ்இ மதிப்பெண்ணை ஏற்கின்றன. மாநில வாரியத்துக்குச் சற்றுக் கூடுதல் விழுக்காடு கேட்பதுண்டு. ஜெர்மனி போன்ற நாடுகளில் நம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு நேரே முதலாண்டில் சேர்வது கடினம். அங்கே ஐபி வழி உதவும். சர்வதேசப் பாடத்திட்டத்தால் பயனும் வசதியும் கூடும் என்பது உண்மை. ஆனால் ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணத்தை அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கட்டுவதற்கு முன், பிறகு வரும் மூன்று நான்கு ஆண்டுகளின் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் கையில் பணம் இருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள். பள்ளிக்கட்டணத்திலேயே சேமிப்பு கரைந்துபோய், பிறகு கல்லூரிக்கு இங்கேயே இடம் தேடிய குடும்பங்களை நான் அறிவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் வீட்டுக்கு என் கருத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மருத்துவம்தான் என்று உங்கள் மகள் தன் வாயால் சொன்னால், பதினோராம் வகுப்பிலேயே சிபிஎஸ்இக்கு மாற்றிவிடுங்கள். பன்னிரண்டில் மாற்றுவது இயலாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் பத்து வரை படித்ததால் அவளுக்குச் செல்லியலும் மரபியலும் எளிதாக இருக்கும். வகைப்பாட்டியலும் தாவரப் புற அமைப்பியலும் முதல் மூன்று மாதங்கள் சிரமம் தரும். கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை என்பதால் "இதை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்" என்று சலித்துக்கொள்வாள், அப்போது திட்டாதீர்கள். மருத்துவம் அவள் விருப்பமே இல்லை, ஆராய்ச்சியும் வெளிநாடும் என்றால், பணவசதியும் இருந்தால், இருக்கும் இடத்திலேயே ஏ லெவலைத் தொடரட்டும். பழகிய முறையை விட்டு ஐபிக்குத் தாவ எனக்குக் காரணம் தென்படவில்லை. இன்னும் தெளிவில்லை என்று சொன்னால், கணிதத்தோடு சிபிஎஸ்இ உயிரியல் பிரிவே அதிக வாசல்களைத் திறந்து வைக்கும். நீட், ஐசர், வேளாண்மை மூன்றும் அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்; ஆய்வக அனுபவம் குறையும் என்பதே அதற்குக் கொடுக்கும் விலை. அந்தக் குறையை விடுமுறை நாட்களில் மொட்டைமாடிக் குடுவைகளே ஓரளவு ஈடுசெய்யும். அவற்றைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த இரண்டு வார இறுதிகளில் ஒரு காரியம் செய்யுங்கள். முதல் வாரம் என்சிஇஆர்டி பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் விலங்குலகம் என்ற பாடத்தை அவளையே படிக்கச் சொல்லி, பழைய நீட் வினாக்களில் அந்தப் பாடத்துக்குரிய இருபதை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம், கேம்பிரிட்ஜின் பழைய வினாத்தாள்களில் சோதனையைத் திட்டமிடும் தாள் ஒன்றைக் கொடுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். எதை முடித்தபின் சோர்ந்துபோய் எழுந்தாள், எதை முடித்தபின் உங்களிடம் வந்து பேசினாள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். முதல் அரைமணி நேரம் அவளே பேசட்டும். நீங்களும் அவள் அப்பாவும் அருகில் அமர்ந்து கேட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்